மாணாக்கர் கிடாய்ச் சங்கமும் கண்காட்சி விற்பனையும்

நமது சேலம், நாமக்கல் சமவெளியில் ஆட்டுக்குட்டியோடு வளராத குடியானவர் வீட்டுப் பிள்ளை அரிது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தழை ஒடித்துப் போடுகிறவன் சிறுவன். கயிற்றை அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறவள் சிறுமி. ஆயினும் அந்தக் குட்டி கிடாயாகிச் சந்தைக்குப் போகும் நாளில், வாங்கின விலை என்ன, தின்ற தீனி எவ்வளவு, விற்ற விலை என்ன, மிஞ்சினது யாருக்கு என்ற நான்கு கேள்விகளுக்கும் அப்பிள்ளையால் விடை கூற இயலாது. பல வீடுகளில் தகப்பனாராலும் இயலாது. உழைப்பு மாத்திரம் பிள்ளையுடையதாக இருக்கிறது. கணக்கோ ஒருவரிடமும் இல்லை. இக்குறையைப் போக்குவதற்குத் தக்க சாதனம், சிறுவர் சிறுமியர் தாமே கால்நடை வளர்த்துக் கண்காட்சியில் நிறுத்தி விற்கும் சங்க முறையாகும். அம்முறையை நமது மேச்சேரிச் செம்மறியைக் கொண்டு நடத்தும் விதத்தை இங்கே விவரிக்கிறோம்.

இம்முறையின் வரலாறு

அமெரிக்காவில் ஓஹையோ மாகாணத்தைச் சேர்ந்த ஏ. பி. கிரஹாம் என்னும் பள்ளி அதிகாரி 1902-ஆம் வருஷத்தில் கிராமப் பிள்ளைகளைக் கூட்டி ஒரு விவசாயச் சங்கம் தொடங்கினார். மக்காச்சோளமும் காய்கறியும் பயிரிடுவதே முதலில் அவர்களுடைய வேலை. பின்னர்ப் பன்றி, கன்று, கோழி வளர்க்கும் சங்கங்கள் பல மாகாணங்களிலும் ஏற்பட்டன. 1914-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட ஸ்மித்-லீவர் சட்டத்தினால் அவை விவசாயப் பிரசார இலாகாவின் ஆதரவைப் பெற்றன. தலை, இதயம், கை, தேக சுகம் ஆகிய நான்கையும் குறிக்கும் பெயரோடு அச்சங்கங்கள் இன்றும் நடைபெறுகின்றன. இங்கிலாந்தில் டெவன் ஜில்லாவிலுள்ள ஹெமியாக் என்னும் ஊரில் 1921-ஆம் வருஷத்தில் பிள்ளைகளிடம் கன்றுகளை ஒப்புவித்து வளர்க்கச் செய்தார்கள். அந்நாட்டு இளம் விவசாயிகள் சங்கங்களுக்கு அதுவே வித்தாயிற்று.

இது அந்நிய நாட்டு விளையாட்டு என்று நம்மவர் ஒதுக்க வேண்டுவதில்லை. சேலத்தில் 1876-ஆம் வருஷத்தில் பிறந்த கே. டி. பால் அவர்கள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் முதல் இந்தியப் பொதுக் காரியதரிசியாக இருந்து, கிராமப் புனருத்தாரண வேலையைத் தொடங்கி வைத்தார். அவ்வேலையின் கிளையாக 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவர் நடத்திய நிலையம் புகழ் பெற்றது. மார்த்தாண்டம் அந்நாளில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இன்று கன்னியாகுமரி ஜில்லாவைச் சேர்ந்தது. நல்ல இனச் சேவல்களைக் கொண்டு நாட்டுக் கோழியின் தரத்தை உயர்த்துவதும், முட்டைகளைத் தரம் பார்த்துக் கூடி விற்பதும், தேனீ வளர்ப்பதும் அங்கே ஏழைக் குடும்பங்களுக்குக் கற்பிக்கப்பட்டன. வளர்ப்பதைக் கற்பிக்கும்போதே விற்பதையும் கற்பிக்க வேண்டும் என்பதே அந்நிலையத்தின் அனுபவம் நமக்குக் காட்டுவது.

எந்தப் பிராணி தக்கது?

பசுங்கன்றுக்கு முதலும் காலமும் மிகுதியாக வேண்டும். கோழி விரைவில் பயன் தருமாயினும் கீரியும் வெக்கை நோயும் ஒரே இரவில் சங்கத்தைக் கலைத்துவிடக்கூடும். பத்து முதல் பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆளத்தக்கதும், நான்கே மாதத்தில் பலன் தெரிவதுமாகிய பிராணி பால் மறந்த செம்மறிக் கிடாய்க் குட்டியே.

நமது ஜில்லாவுக்கு உரிய இனம் மேச்சேரி. மேச்சேரி, நங்கவள்ளி, தாரமங்கலம், ஓமலூர், மேட்டூர்ப் பக்கங்களிலும், பவானி வட்டாரத்திலும் இவ்வினம் நிறைந்திருக்கிறது. இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு நிறமும் குட்டையான உரோமமும் உடையது. கிடாய்க்கும் பெட்டைக்கும் கொம்பில்லை. கம்பளி இல்லாமையால் மயிர் கத்தரிக்கும் வேலையும் இல்லை. இறைச்சிக்காகவே இது வளர்க்கப்படுகிறது. இதன் தோலுக்கும் தனி மதிப்பு உண்டு. இவ்வினத்தைக் காத்து அபிவிருத்தி செய்வதற்காகப் பொட்டனேரியில் 1978-ஆம் வருஷம் முதல் ஆராய்ச்சி நிலையம் ஒன்று நடைபெற்று வருகிறது.

குட்டி வாங்கும்போது மூன்று மாதம் நிரம்பினதும், 9 முதல் 11 கிலோ எடையுள்ளதும், கண் தெளிந்து மூக்கு ஒழுகாததும், பின்புறம் கழிச்சல் படியாததுமான குட்டியைத் தெரிந்தெடுக்க வேண்டும். கீழிமையை விலக்கிப் பார்த்தால் உள்தோல் சிவந்திருக்க வேண்டும். வெளுத்திருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கிறதென்று சந்தேகிக்கலாம்.

காலம்

கண்காட்சி நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து 120 நாளைப் பின்னோக்கி எண்ணிக் குட்டி வாங்கும் நாளைத் தீர்மானிக்க வேண்டும். ஐப்பசி நடுவில் தொடங்கி மாசி நடுவில் முடிப்பது நமது பக்கத்துக்கு ஏற்றது. மானாவாரி நிலக்கடலை பிடுங்கிக் கொடி கிடைக்கும் சமயம் அது. கொள்ளுப் பொட்டும் தொடர்ந்து கிடைக்கும். பள்ளிப் பரீட்சை நெருங்குமுன் பிள்ளையின் பொறுப்பும் தீர்ந்துவிடும். கண்காட்சிக்காகப் படிப்பைக் கெடுப்பது இம்முறையின் நோக்கமன்று.

தீனி

மேய்ச்சலே அடிப்படை. கொழுக்கட்டைப் புல்லும், வெள்வேலங்காயும், வேலியோரத் தழைகளும் செலவின்றிக் கிடைப்பவை. மேய்ந்து வந்த குட்டிக்கு மாலையில் கடலைக்கொடி கட்ட வேண்டும். இவற்றோடு கலப்புத் தீவனமும் சிறிது வேண்டும். உடைத்த சோளம் அல்லது கம்பு 40 பங்கு, கடலைப் புண்ணாக்கு 25 பங்கு, தவிடு 32 பங்கு, தாது உப்புக் கலவை 2 பங்கு, கறியுப்பு 1 பங்கு என்று சேர்த்தால் நூறு பங்காகும். முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 50 கிராம் கொடுத்து, மெல்ல மெல்ல ஏற்றி, இரண்டாம் மாதத்தில் 200 கிராமும் இறுதி மாதத்தில் 300 கிராமும் கொடுக்கலாம். இவ்வாறு வளர்த்த நல்ல குட்டி நாளொன்றுக்கு 60 முதல் 100 கிராம் வரை எடை ஏறக்கூடும்.

ஆலைகளிலிருந்து கிடைக்கும் மரவள்ளித் திப்பியை நன்கு உலர்த்தித் தானியத்தில் ஒரு பாகத்துக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அதில் மாவுச்சத்து உண்டேயன்றிப் புரதம் மிகக் குறைவாகையால், புண்ணாக்கைக் குறைத்துத் திப்பியைக் கூட்டுவது தவறு. பச்சை மரவள்ளித் தழையிலும் கிழங்குத் தோலிலும் நச்சுப்பொருள் உண்டு. மழையின்றி வாடி நிற்கும் இளஞ்சோளப் பயிரிலும் அவ்வாறே. இவற்றைப் பச்சையாக மேய்ந்த ஆடு சற்று நேரத்தில் மூச்சுத் திணறி விழுந்துவிடும். இச்செய்தி ஒவ்வொரு பிள்ளையின் கணக்குப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் எழுதப்பட வேண்டும்.

பரிசு ஆசையினால் வரும் கேடு

கண்காட்சிக் குட்டிக்கு ஏற்படும் பெரிய அபாயம் பட்டினியன்று, திடீர்த் தீனியே. பரிசு நாள் நெருங்குகிறதென்று பிள்ளையோ, பிள்ளையின்மேல் ஆசை கொண்ட பாட்டியாரோ, ஒரு படி சோளத்தை ஒரே வேளையில் வைத்துவிடுவதுண்டு. ஆட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் தழைக்கும் கொடிக்கும் பழகியவை. தானியத்துக்கு அவை பழகச் சில வாரங்கள் செல்லும். திடீரென்று தானியம் மிகுந்தால் இரைப்பையில் புளிப்பு மிகும். சீரணமாகாத மாவு குடலுக்கு இறங்கும்போது, அங்கே இயல்பாகவே இருக்கும் ஒரு கிருமி பெருகி நஞ்சை உண்டாக்கும். இதுவே துள்ளுமாரி நோய். மாலையில் துள்ளி விளையாடின குட்டி விடியுமுன் கால்களை உதறி இறந்து கிடக்கும். மெலிந்த குட்டியைவிடக் கொழுத்த குட்டியையே இந்நோய் தேடிப் பிடிக்கிறது. மிக அருமையாக வளர்த்தவன்தான் மிகுதியாக இழப்பான்.

தடுப்பு வழி எளிது. துள்ளுமாரித் தடுப்பூசியை இரண்டு வார இடைவெளியில் இருமுறை போட வேண்டும். தீவனம் ஏற்றத் தொடங்குமுன் இதை முடித்துவிடுவது நலம். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஆட்டம்மைக்கும் உரிய தடுப்பூசிகளையும், குடற்புழு நீக்க மருந்தையும் கால்நடை மருத்துவர் சொல்லும் வரிசையில் போட வேண்டும். வாங்கின குட்டியைப் பழைய மந்தையில் சேர்க்காமல் இரண்டு வாரம் ஒதுக்கிக் கட்டுவது நல்லது. தவிடும் தானியமும் தின்னும் கிடாய்க்கு மூத்திரத்தில் கல் அடைப்பு வரக்கூடுமாதலால், நல்ல தண்ணீர் எந்நேரமும் தொட்டியில் இருக்க வேண்டும். கொட்டகையில் குட்டியொன்றுக்குப் பத்துச் சதுர அடி உலர்ந்த இடம் போதும்.

கணக்கு

இம்முறையின் உயிர்நிலை கணக்கே. பின்வரும் எண்கள் கணக்கு வழியை விளக்குவதற்காக நாம் வைத்துக்கொண்டவை. அவரவர் ஊர் விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

குட்டி 10 கிலோ, கிலோ 400 ரூபாய் வீதம்: 4,000 ரூபாய். கலப்புத் தீவனம் 120 நாளைக்குச் சராசரி 200 கிராம் வீதம் 24 கிலோ, கிலோ 30 ரூபாய் வீதம்: 720 ரூபாய். கொடியும் பொட்டும் நாளொன்றுக்கு 5 ரூபாய் வீதம்: 600 ரூபாய். மருந்து, கயிறு முதலியன: 200 ரூபாய். ஆகச் செலவு 5,520 ரூபாய். நாளொன்றுக்கு 80 கிராம் ஏறினால் 120 நாளில் 9 கிலோ 600 கிராம் கூடும். விற்கும் எடை 19 கிலோ 600 கிராம். அதே வீதத்தில் விலை 7,840 ரூபாய். மிச்சம் 2,320 ரூபாய்.

கொடி சொந்தக் காட்டில் விளைந்ததாயிற்றே, அதற்கு ஏன் செலவு எழுதுவது என்று பெரியோர் கேட்பர். அதை விற்றால் பணம் வருமன்றோ? விற்கக்கூடிய பொருளை ஆட்டுக்குப் போட்டால் அதுவும் செலவே. இதை எழுதாமல் விடுவதனால்தான் நட்டத்தில் நடக்கும் பண்ணை இலாபத்தில் நடப்பதாகத் தோன்றுகிறது.

இனி மற்றொரு பாடம். ஐந்து பிள்ளைகள் ஆளுக்கொரு குட்டி வளர்க்கிறார்கள். அறுபதாம் நாளில் ஒரு குட்டி மடிகிறது. குட்டி விலை 4,000, மருந்து முதலியன 200, அறுபது நாள் தீனி நாள் வீதத்தில் 660, ஆக 4,860 ரூபாய் போயிற்று. மற்ற நால்வரின் மிச்சம் 9,280 ரூபாய். ஐவரையும் சேர்த்துப் பார்த்தால் 4,420 ரூபாயே நிற்கிறது. ஒரு சாவு நான்கு பேருடைய உழைப்பில் பாதிக்கு மேல் விழுங்கிவிடுகிறது. ஒரு தடுப்பூசியின் பெறுமானத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிடத் தெளிவான உபதேசம் வேண்டுவதில்லை. ஆகையால் சங்கத்தார் ஒவ்வொரு விற்பனையிலும் சிறு தொகை ஒதுக்கிப் பொது நிதி வைப்பதும், கூடுமான இடத்தில் கால்நடைக் காப்பீடு செய்வதும் நன்று.

கண்காட்சியும் மதிப்பீடும்

மிகப் பெரிய கிடாய்க்கே பரிசு என்று வைத்தால், பெரிய குட்டி வாங்கப் பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கே பரிசு போகும். ஆகையால் குட்டிகளை முதல் நாளிலேயே காதில் எண் வில்லை இட்டு நிறுத்துப் பதிவு செய்ய வேண்டும். ஏறின எடைக்கே மதிப்பெண் தர வேண்டும். ஒருவன் 14 கிலோ குட்டியை 21 கிலோ ஆக்கினான். ஒருத்தி 9 கிலோ குட்டியை 18 கிலோ ஆக்கினாள் என்று கொள்வோம். பார்வைக்கு முன்னவன் கிடாயே பெரிது. வளர்த்த திறமையில் இரண்டு கிலோ முந்தினவள் பின்னவள்.

நூறு மதிப்பெண்ணில் ஏறின எடைக்கு 40, கணக்குப் புத்தகத்துக்கு 30, ஆரோக்கியத்துக்கும் சுத்தத்துக்கும் 20, பிராணியை அடக்கி நடத்தும் பழக்கத்துக்கு 10 என்று பகிரலாம். கணக்குப் புத்தகத்தில் வாரந்தோறும் ஒரே கிழமையில், காலையில் தீனி வைக்குமுன் நிறுத்த எடை எழுதப்பட்டிருக்க வேண்டும். நட்டக் கணக்கை உண்மையாக எழுதின பிள்ளை, இலாபத்தைப் பூசி எழுதின பிள்ளையைவிட அதிக மதிப்பெண் பெறும் என்பதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

உப்பைக் கொடுத்துத் தண்ணீர் காட்டி எடை ஏற்றும் தந்திரம் நமது சந்தைகளுக்குப் புதிதன்று. முந்தின மாலையிலேயே எல்லாக் கிடாய்களையும் ஒரே பட்டியில் அடைத்து, தீனியின்றித் தண்ணீர் மாத்திரம் வைத்து, விடியற்காலையில் நிறுத்தால் இத்தந்திரம் பலிக்காது. சங்கங்கள் தோன்றின அதே ஓஹையோ மாகாணத்துக் கண்காட்சியில், 1994-ஆம் வருஷத்தில் பரிசு பெற்ற சில பிராணிகள் முறைகேடாக வளர்க்கப்பட்டவை என்று வெளிப்பட்டது பெரும் அவமானமாயிற்று. பெரியோர் புகழுக்காகப் பிள்ளை பெயரில் நடக்கும் போட்டி எந்நாட்டிலும் இவ்விதமே முடியும்.

இது சம்பந்தமாக ஒரு விதி. சேலம் நகரத்தில் ஃபேர்லேண்ட்ஸ் போன்ற இடங்களில் குடியிருந்து, ஓமலூர், ஆத்தூர், இராசிபுரம் பக்கங்களில் நிலம் வைத்திருக்கும் கனவான்கள் பலர். அவர்களுடைய பிள்ளைகளும் சங்கத்தில் சேரலாம், சேர்வது விரும்பத்தக்கதே. ஆனால் பண்ணையாள் வளர்த்த கிடாயைக் கண்காட்சி நாளில் காரில் வந்து பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குப் பரிசு இல்லை. வளர்த்த கை எதுவோ அதுவே கயிற்றைப் பிடிக்க வேண்டும். பண்ணையாளின் மகள் வளர்த்திருந்தால் பரிசு அவளுடையது.

விற்பனை

மேச்சேரிச் சந்தையிலும் வீரகனூர்ச் சந்தையிலும் தரகர்கள் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை யாவரும் அறிவர். அங்கே எடை கண்மதிப்பு; விலை இரகசியம். சங்க விற்பனையில் இரண்டும் வெளிப்படையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கிடாயின் எடையையும் பலகையில் எழுதி, கிலோவுக்கு இவ்வளவு என்று ஏலம் கூற வேண்டும். பரிசு பெற்ற கிடாயை ஊர்ப் பெருந்தனக்காரர் கௌரவத்துக்காக இரட்டை விலைக்கு எடுப்பதுண்டு. அதைத் தடுக்க வேண்டுவதில்லை. ஆனால் புத்தகத்தில் சந்தை விலையை ஒரு வரியிலும், அன்பளிப்பை வேறொரு வரியிலும் எழுதச் செய்க. இல்லாவிடில் அடுத்த வருஷம் அப்பிள்ளை தவறான நம்பிக்கையோடு கடன் வாங்கும்.

பிரிவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு மாதம் பின்னாலேயே திரிந்த கிடாயைக் கசாப்புக்காரரிடம் ஒப்புவிக்கும்போது பிள்ளைகள் அழுவார்கள். அதைக் கண்டு நகைப்பதும், 'உன் ஆடு வேறு ஊரில் மேய்கிறது' என்று பொய் சொல்லித் தேற்றுவதும் தகாத காரியங்கள். இது விற்பனைக்காக வளர்க்கும் பிராணி என்பதைக் குட்டி வாங்கும் நாளிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மனம் ஒப்பாத பிள்ளைக்குக் கிடாய்க்குட்டிக்குப் பதிலாகப் பெட்டைக்குட்டி கொடுக்கலாம். மேச்சேரிப் பெட்டை பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரு குட்டியே ஈனும். பலன் மெதுவாக வரும். ஆனால் தாய் வீட்டிலேயே நிற்கும். இவ்வழியில் பழகின பிள்ளைகளே பிற்காலத்தில் நல்ல மந்தை வளர்ப்போர் ஆவர்.

பணம் யாருடையது?

இக்கட்டுரையில் எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இதுவே. ஒரு கிராமத்தில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் மிக ஒழுங்காகக் கிடாய் வளர்த்து வந்தான். கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கையில், உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் பணம் வேண்டியிருந்ததால், பையன் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது தகப்பனார் கிடாயை விற்றுவிட்டார். அவர் கெட்டவரல்லர்; வீட்டிலுள்ளது யாவும் வீட்டுக்கே என்பது அவருடைய எண்ணம். ஆனால் அடுத்த வருஷம் அப்பையனைச் சங்கத்தில் சேரும்படி எவராலும் இணங்கச் செய்ய இயலவில்லை. அக்குடும்பம் பெற்றது ஒரு கிடாயின் விலை. இழந்தது ஒரு குடியானவனை.

ஆகையால் தகப்பனார் குட்டியின் விலையைக் கடனாகக் கொடுத்துப் புத்தகத்தில் எழுதி, விற்பனையன்று முதலில் அதைத் திருப்பிப் பெறட்டும். கொடியின் விலையையும் பெறட்டும். மிச்சம் பிள்ளையைச் சேர வேண்டும். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்கு வைத்து நடத்தலாம். விற்பனைப் பந்தலிலேயே பணத்தை எண்ணிப் பிள்ளையின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது உத்தமம். வீட்டில் அவசரம் நேர்ந்தால் தகப்பனார் பிள்ளையிடம் கேட்டுக் கடனாக வாங்கலாம், அதையும் எழுதட்டும். மக்களுக்கு நிலத்தை எழுதி வைப்பதற்கு முன், ஒரு கிடாயை எழுதி வைத்து அவர்கள் காக்கும் விதத்தைப் பார்ப்பது எவ்வளவு மலிவான பரீட்சை!

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

1. பஞ்சாயத்துத் தலைவரும் தலைமையாசிரியரும் கூடிப் பத்துப் பிள்ளைகளுக்குக் குறையாமல் ஒரு சங்கம் அமைக்க வேண்டும். சிறுமியரையும் சேர்க்க வேண்டும்.

2. தொங்கு தராசு ஒன்றும் காது வில்லைகளும் சங்கத்தின் பொதுச் சொத்தாக இருக்கட்டும்.

3. குட்டி வாங்குமுன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் தெரிவித்துத் தடுப்பூசி நாட்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

4. வாரந்தோறும் ஒருவர் கணக்குப் புத்தகங்களைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து எடை ஏறாத குட்டியை மருத்துவரிடம் காட்டச் செய்ய வேண்டும்.

5. கண்காட்சிக்கு வேற்றூர்க் கால்நடை மருத்துவர் ஒருவரை மதிப்பீட்டாளராக அழைப்பது வீண் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் சந்தைக்கு மாடும் குதிரையும் காண நம்மவர் குடும்பத்தோடு போய்வருகிறார்கள். நல்ல பிராணியைக் கண்டு மகிழும் கண் நமது மக்களுக்கு இயற்கையாகவே உண்டு. அக்கண்ணோடு எடைக்கோலும் எழுதுகோலும் சேர வேண்டும். அதற்கு இவ்வருஷம் ஊருக்குப் பத்துக் குட்டிகள் போதும். குட்டி தெரிந்தெடுப்பதிலும் தீவனம் கலப்பதிலும் உதவி வேண்டுவோர், ஐப்பசி பிறக்குமுன் தத்தம் வட்டாரக் கால்நடை மருந்தகத்திலோ பொட்டனேரி ஆராய்ச்சி நிலையத்திலோ விசாரித்துக்கொள்ளலாம்.